பூனை அணிலோடு வந்து நின்றால் என்ன செய்வது?

காலை ஆறு மணி. பால் பொங்குகிறதா என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலடியில் ஏதோ கீச்சென்றது. குனிந்தால், வீட்டுக்கு வந்து நான்கு மாதமே ஆன எங்கள் பூனை, வாயில் உயிருள்ள அணில்குட்டியோடு என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் அலறினேன். அது மிரண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியது. துடைப்பத்தை விட்டுத் துழாவி, ஒருவழியாக அணிலைப் பிடுங்கி, இங்க் ஃபில்லரில் பசும்பால் புகட்டி, காயம் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முருங்கைக் கிளையில் விட்டேன். மறுநாள் மரத்தடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அன்று நான் செய்ததில் ஒன்றுகூடச் சரியில்லை. அலறியது, துரத்தியது, பிடுங்கியது, பால் கொடுத்தது, உடனே மரத்தில் விட்டது, எல்லாமே தப்பு. புதிதாகப் பூனையோ நாயோ வளர்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு காலை கட்டாயம் வரும். வயிறு முட்டச் சாப்பிட்ட பூனையும் வேட்டையாடும். பசி வேறு, வேட்டை வேறு. பூனையிடமிருந்து அந்தக் குணத்தை எடுத்துவிட முடியாது. அதற்கு வாய்ப்புக் கொடுப்பதைக் குறைக்கலாம். நடந்துவிட்டால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்று தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: வாயிலிருந்து விடுவிப்பது

கத்தாதீர்கள். கத்தினால் பூனை அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், இல்லையென்றால் உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விடும். முதலில் அந்த அறையின் கதவைச் சாத்துங்கள். அடுத்து, பூனைக்கு மிகவும் பிடித்த வாசனையை எடுங்கள். எங்கள் வீட்டில் அது நெத்திலிக் கருவாடு. டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே வாயில் இருப்பதைக் கீழே போட்டுவிடும். போட்டதும் பிடிபட்ட உயிரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள், பூனையைத் தூக்கி அடுத்த அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். இந்த வரிசை முக்கியம். பூனையை வைத்துக்கொண்டே அணிலைப் பிடிக்கப் போனால் இரண்டும் உங்களைக் கடிக்கும்.

வாயைப் பிளந்து இழுக்க வேண்டாம். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. நாம் இழுக்கும்போது, சின்ன ஓட்டையாக இருந்தது கிழிந்த காயமாகிவிடும்.

நாய்க்கு இது வேறு கதை. நாயைப் பழக்க முடியும். குட்டியாக இருக்கும்போதே 'விடு' என்ற ஒரே ஒரு சொல்லைப் பழக்குங்கள். பந்தைக் கவ்வியிருக்கும்போது மூக்கருகே ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் காட்டி, பந்தை விட்டதும் 'விடு' என்று சொல்லிக் கொடுங்கள். தினமும் ஐந்து நிமிடம், ஒரு மாதம் போதும். ஒருநாள் அது வாயில் தேரையோடு நிற்கும்போது இந்த ஒரு மாத உழைப்பின் அருமை தெரியும்.

பிடிபட்ட உயிருக்கு

மேலே பார்த்தால் காயமே தெரியாது. என்னை ஏமாற்றியதும் அதுதான். பூனையின் எச்சிலிலும் பல்லிலும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறது. இறகுக்கோ ரோமத்துக்கோ அடியில் ஊசிமுனை அளவுக்குப் பல் பதிந்திருந்தாலும் போதும், சின்னப் பறவைகள் ரத்தத்தில் கிருமி பரவி ஓரிரு நாளில் செத்துவிடும். ஆகவே பூனை வாயில் இருந்து வந்தது எதுவாக இருந்தாலும், 'பறக்கிறதே, ஓடுகிறதே' என்று விட்டுவிடாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடிய கால்நடை மருத்துவரிடமோ மீட்பு மையத்திடமோ அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். நம் வீட்டு மாத்திரையை நுணுக்கிக் கொடுப்பதெல்லாம் வேண்டாம்.

கொண்டுபோகும் வரை என்ன செய்வது? ஒரு செருப்புப் பெட்டி, மூடியில் நாலைந்து ஓட்டை, உள்ளே பழைய பருத்தித் துணி. அவ்வளவுதான். இருட்டாகவும் சத்தமில்லாமலும் இருந்தால் பாதிப் பயம் அடங்கிவிடும். குட்டியாக இருந்தால் பெட்டிக்கு ஒரு பக்கம் மட்டும், துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை வையுங்கள்; சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதிர்ச்சியில் இருக்கும் குஞ்சுக்கு அது நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பசும்பாலும் கூடாது. ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் வேலை பெட்டியை மூடிய பிறகு ஆகட்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1959இல் தொடங்கி, இப்போது கிண்டி வேளச்சேரி சாலையில் இயங்கிவரும் ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பும் தெரிந்திருக்கும். மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகத்தை முதலில் கேளுங்கள். எல்லா மருத்துவரும் பறவையைப் பார்ப்பதில்லை. நான் ஒருமுறை அடிபட்ட மைனாவோடு போனபோது ஒரு கிளினிக்கில் 'காக்கா குருவிக்கெல்லாம் மருந்து கிடையாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, எண்ணை ஃபோனில் போட்டு வைப்பது நல்லது.

பூனை இன்னும் தொடாத குஞ்சு தரையில் கிடந்தால் கணக்கு வேறு. இறகு முளைக்காமல் ரோஸ் நிறத்தில் இருந்தால், கூடு தெரிகிறதா பார்த்துத் திரும்ப வைத்துவிடுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகிறது என்றால் அது பறக்கப் பழகும் பருவம். தாய் பக்கத்திலேயே இருக்கும். குஞ்சைப் புதருக்குள்ளோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு உங்கள் பூனையை இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் அடையுங்கள். அந்தக் குஞ்சுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுதான்.

பிழைத்த கிளியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று குழந்தைகள் கேட்பார்கள். கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்து வளர்ப்பது குற்றம். ஆமை, உடும்பு, ஆந்தை, கீரி என்று எது வந்தாலும் வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

தின்றது என்ன?

இனி உங்கள் பிள்ளையைக் கவனிக்கலாம். பிடித்ததோடு நிற்காமல் தின்றும் விட்டது என்றால், எதைத் தின்றது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

எலி என்றால்தான் எனக்கு உண்மையான பயம். எலியைவிட அந்த எலி தின்றிருக்கக்கூடிய மருந்து மேல்தான் பயம். கடைகளில் கேக் மாதிரி விற்கும் புரோமாடியோலோன் எலியை உடனே கொல்லாது. ரத்தம் உறையாமல் செய்து மெதுவாகக் கொல்லும். மருந்து தின்ற எலி சில நாள் மந்தமாகத் திரியும், பூனைக்குச் சுலபமாகக் கிடைக்கும். அதைத் தின்ற பூனைக்கோ நாய்க்கோ முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. பிறகு ஈறு வெளுத்துப்போகும், சோர்ந்து படுக்கும், மூச்சு வாங்கும், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வரும். இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது. வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும், ஆனால் நேரத்தோடு போனால் காப்பாற்றலாம். ஆகவே பகல் வெளிச்சத்தில் தள்ளாடித் திரிந்த எலியைப் பூனை பிடித்தது என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, சாம்பல் கலந்த கறுப்புப் பொடியாக விற்கும் சிங்க் பாஸ்பைடு. இது வயிற்று அமிலத்தோடு சேர்ந்து விஷவாயுவாக மாறும். வாயில் பூண்டு வாடை, வாந்தி, நடுக்கம் என்று சில மணி நேரத்திலேயே காட்டிக்கொடுக்கும். சோறோ பாலோ கொடுத்தால் அமிலம் கூடி நிலைமை மோசமாகும். வாந்தி எடுத்தால் கார் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், அந்த வாயு நமக்கும் ஆகாது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

இதில் நாம் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரிடமும் அபார்ட்மென்ட் சங்கத்திலும் எலி மருந்து வைக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லும்படி கேட்டு வையுங்கள். 'எலிப்பொறி வையுங்க அண்ணே, மருந்து வேணாம், நான் வேணா பொறி வாங்கித் தர்றேன்' என்று நான் பக்கத்து மளிகைக்கடைக்காரரிடம் சொன்னேன். இரண்டு பொறி வாங்கிக் கொடுத்ததற்கு ஆன செலவு ஒரு முறை மருத்துவரைப் பார்க்கும் செலவைவிடக் குறைவு.

அடுத்தது பல்லி. பல்லி விஷம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. சாம்பாரில் விழுந்தால் செய்தியே வரும். பல்லிக்கு விஷம் கிடையாது. 'அரணை கடித்தால் மரணம்' என்பதும் எதுகைக்குச் சொன்னது. அரணைக்கும் விஷம் இல்லை. ஆனால் பூனைக்குப் பல்லியால் வேறு ஒரு தொல்லை வரும். ஒரு வகைத் தட்டைப்புழு நத்தையிலிருந்து மரவட்டைபோல் இருக்கும் சின்னப் பூச்சிகளுக்கும், அவற்றிலிருந்து பல்லி, ஓணானுக்கும், கடைசியில் பூனைக்கும் வந்து கல்லீரலில் பித்தக்குழாய்களில் குடியேறும். நம்மூர் போன்ற வெப்ப நாடுகளில் உள்ள தொல்லை இது. ஒன்றிரண்டு புழுவால் பெரிதாகத் தெரியாது. நிறைய ஆனால் பூனை சாப்பாட்டை ஒதுக்கும், மெலியும், வாந்தி எடுக்கும், காதின் உட்புறமும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும். இதற்கு பிரசிகுவான்டல் என்ற மருந்து உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சாதாரணப் புழு மாத்திரையில் உள்ள அளவு இதற்குப் போதாது. அதனால் மருத்துவரிடம் 'பல்லி பிடித்துத் தின்னும் பூனை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும்.

தேரை பெரும்பாலும் நாய்களுக்கான விவகாரம். மழை விட்ட இரவில் வாசல் விளக்கடியில் பூச்சி பிடிக்க வந்து உட்காரும். கவ்விய உடனே அதன் காதுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து பால்போல ஒன்று கசியும். நாய் நுரை தள்ளும், தலையை உதறும், முகத்தைக் காலால் தேய்க்கும். பதறாமல் ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்துத் துடைத்து எடுங்கள். தண்ணீர் விடுவதானால் வாயின் பக்கவாட்டில், முகம் கீழே பார்த்தபடி விட வேண்டும், உள்ளே போகக் கூடாது. கால்மணி நேரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ உடனே கிளம்புங்கள்.

மூஞ்சூறைப் பூனை கொல்லும், தின்னாது. அதன் நாற்றம் அப்படி. காலையில் பாய் ஓரத்தில் முழுசாகக் கிடந்தால் அதுதான். பாவம், வீட்டுக் கரப்பானைத் தின்று நமக்கு நல்லது செய்கிற பிராணி அது. ஈசல், வெட்டுக்கிளி எல்லாம் தின்றால் ஒன்றும் ஆகாது. பூச்சி மருந்து அடித்த வீட்டில் மல்லாந்து கிடக்கும் கரப்பானை மட்டும் முதலில் பெருக்கி எடுத்துவிடுங்கள்.

பாம்போடு பூனை விளையாடுவதைப் பார்த்தால் நடுவே போகாதீர்கள். குழந்தைகளை வெளியேற்றி, கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியைத் துணியால் அடைத்து, தீயணைப்புத் துறையை 101இல் கூப்பிடுங்கள். கடித்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நமக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய் பூனைக்கும். எல்லாக் கிளினிக்கிலும் இருப்பு இருக்காது, கிளம்பும்போதே ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள்.

வலிக்கிறதே என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரை போதும், உயிர் போய்விடும்.

ஊசியும் புழு மருந்தும்

வேட்டையாடும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் புழு மருந்து வேண்டும். எலி தின்றால் நாடாப்புழு வரும். வாலடியில் அரிசிபோல ஒட்டிக்கொண்டிருக்கும். ரேபிஸ் ஊசி ஆண்டுக்கு ஒருமுறை. கீரியோ வவ்வாலோ கடித்திருந்தால், ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். நாய்க்குப் போடும் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் ஊசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து இருக்கும், தவறவிடாதீர்கள். உங்களைப் பூனையோ அணிலோ கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் லிட்டர் பாக்ஸை, அதாவது பூனை மலம் கழிக்கும் பெட்டியை, வேறு யாராவது, தினமும், சுத்தம் செய்ய வேண்டும். எலியும் குருவியும் தின்னும் பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி வரலாம். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால்தான் அன்றாடம் அள்ளிவிடச் சொல்கிறார்கள். பூனையையே விரட்ட வேண்டியதில்லை.

வேட்டையைக் குறைப்பது எப்படி?

முதலில் தட்டைப் பாருங்கள். நம் வீட்டுப் பூனைகள் பாதி தயிர்சாதத்தில் வளர்கின்றன. பூனை முழுக்க முழுக்க மாமிசப் பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பால் போதிய அளவு உண்டாக்க முடியாது. கறியிலும் மீனிலும்தான் கிடைக்கும். கிடைக்காமல் போனால் கண்ணும் இதயமும் கெடும் என்பது 1980களிலேயே தெரிந்துவிட்டது. தயிர்சாதத்தில் அது கிடையாது. மீனோ கோழியோ வேகவைத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே கொடுங்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். ஒரு வேளையாவது நல்ல கேட் ஃபுட் கொடுங்கள்.

2021இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 219 வீடுகளில் 355 பூனைகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாமிசப் புரதம் அதிகமுள்ள உணவு கொடுத்த வீடுகளில் பூனை கொண்டுவந்த இரை 36% குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25% குறைந்தது. கழுத்தில் மணி கட்டியதால் சொல்லும்படியான பலன் இல்லை. பளிச்சென்ற வண்ணத் துணி காலர் போட்டபோது பிடிபட்ட பறவைகள் 42% குறைந்தன. எலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூனையே தேடி எடுக்கும்படி உணவை ஒளித்து வைக்கும் புதிர் டப்பாக்களால் வேட்டை கூடியிருக்கிறது! நான் அதை வாங்கி, பரணில் போட்டு வைத்திருக்கிறேன்.

விளையாட்டுக்குக் காசு வேண்டாம். ஒரு குச்சி, ஒரு முழக் கயிறு, நுனியில் கோழி இறகு. தரையோடு தரையாக இழுத்து, சோபா மறைவில் போய் நிறுத்துங்கள். பூனை பின்பக்கத்தை ஆட்டிக் குறிபார்க்கும். பாய்ந்து பிடிக்க விடுங்கள், நாலு முறைக்கு ஒருமுறையாவது ஜெயிக்க விடுங்கள். முடிந்ததும் சாப்பாடு. துரத்து, பிடி, தின்னு, தூங்கு என்ற அதன் வரிசை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். லேசர் ஒளியில் பிடிக்க ஒன்றுமே கிடைப்பதில்லை என்பதால் எனக்கு அது பிடிக்காது.

அப்புறம் நேரம். பூனை அதிகம் வேட்டையாடுவது விடியலிலும் அந்தியிலும். மாலை ஐந்தரைக்குக் கூப்பிட்டுச் சோறு வைத்து, காலை எட்டு மணி வரை வெளியே விடாமல் இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். முதல் வாரம் கதவைப் பிறாண்டும், கத்தும். ஒரு நாள் மனமிரங்கித் திறந்துவிட்டீர்கள் என்றால், கத்தினால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். ஃபிளாட்டில் இருப்பவர்கள் பால்கனிக்குப் புறா வலை போட்டுவிட்டால் இரண்டு வேலை முடியும்: குருவியும் தப்பும், பூனையும் மூன்றாவது மாடியிலிருந்து விழாது. ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்துவிடுங்கள். தெருவைச் சுற்றுவது குறையும்.

வெயிலுக்குப் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பது நல்ல பழக்கம். அதைத் தரையில் வைத்தால் பூனைக்குப் பந்தி வைத்த மாதிரி. மதில் சுவரிலோ கொக்கியிலோ, பூனை பதுங்கத் தொட்டி, புதர் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்கு

நாய்க்கு ஒரே வார்த்தை: கயிறு. சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். நாய்க்கு அந்த வாசனை தெரிந்தால் தோண்டிவிடும். மாணவர்கள் 1988 முதல் இரவெல்லாம் மணலில் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்த மாதங்களில் பெசன்ட் நகர்ப் பக்கம் இரவில் நாயைக் கூட்டிப்போனால் கயிற்றை அவிழ்க்காதீர்கள். நீலகிரி, வால்பாறை மாதிரி இடங்களில் எஸ்டேட்டில் தங்கப் போகிறவர்களுக்கும் இதே பேச்சு. அங்கே நாயே சிறுத்தைக்கு இரையாகும் என்பதால் இரவில் வீட்டுக்குள் கட்டுங்கள். நாயை ஏவி முயல் பிடிப்பதை யாராவது வீரமாகச் சொன்னால், சட்டத்தில் அதற்குப் பெயர் வேட்டை, ஜெயில் உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை

பூனை செத்த பல்லியை உங்கள் காலடியில் கொண்டுவந்து போட்டால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். எதற்கு அடி விழுகிறது என்றே அதற்குப் புரியாது. அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் வைத்துத் தின்னும், உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு எடுத்து, ஆழமாகப் புதைத்துவிட்டு, தரையை பிளீச்சிங் பவுடர் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

அன்றைக்கு என்ன வந்தது, எத்தனை மணிக்கு என்று காலண்டரில் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் காட்டினால் போதும், எந்தப் புழு, எந்த மருந்து என்று அவர் யோசிக்கச் சுலபம். எந்த நேரத்தில் கதவைச் சாத்த வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் சமையலறைக் காலண்டரில் போன மாதம் இப்படி இருக்கிறது: 4, காலை 6.10, மூஞ்சூறு. 11, இரவு, பல்லி. 12, பல்லி. 19, மாலை 5.50, கதவு சாத்த மறந்தேன், தவிட்டுக்குருவி, டாக்டரிடம் கொடுத்தாயிற்று. 23, பல்லி வால் மட்டும், பல்லியைக் காணோம்.